நான் பதிவு செய்யாத பத்து நிமிடம்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா இதைப் பெருமையாகச் சொல்வாள். அண்ணனும் அப்படியே நம்பினான். உண்மையில் எனக்குப் பொய் நன்றாகவே வரும். மாட்டிக்கொள்ளாத அளவுக்குக் குறைவாகச் சொல்வேன், அவ்வளவுதான். அப்படிச் சொன்ன ஒரு சின்னப் பொய்யால் அண்ணனையே இழக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இருந்தோம். அப்பா இரயில்வேக்காரர், நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அண்ணனுக்குக் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு டிவியில் ஓர் ஆங்கில விண்வெளித் தொடர் வரும். நாங்கள் நாலு பேர் அதற்கு அடிமை. அண்ணன், நான், எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்த அறிவியல் டீச்சர், செலாயாங் பாசாரிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி அண்ணன். ஆனால் வெள்ளி மாலை மற்ற மூவருக்கும் வேலை. அண்ணனுக்கு ஷிப்ட், டீச்சருக்கு டியூஷன், லோரி அண்ணன் ஈப்போ சாலையில் எங்காவது இருப்பார். அதனால் வீடியோ டேப்பில் பதிவு செய்வது என் பொறுப்பு. சனிக்கிழமை மதியம் எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். பிறகு கீழே இறங்கி, சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய டீ, குடித்துக்கொண்டே சண்டை போடுவோம். வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்தச் சண்டைக்குத்தான்.

டேப்பை வீணாக்காமல் பதிவதில் எனக்கு ஒரு கர்வம். விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்தி வைக்கும் பாஸ் பொத்தானை அழுத்துவேன், முடிந்ததும் எடுத்துவிடுவேன். தொடர் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மாலைத் தொழுகைக்கான மஹ்ரிப் பாங்கு வரும். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு டிவியில் பாங்கு ஒலிக்கும். அதற்கும் பாஸ்தான். எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதும் அதே நேரத்தில்தான். பாங்கு கேட்டதும் அம்மா தீப்பெட்டியைத் தேடுவாள். எங்கள் வீட்டுச் சாமிக்கு மணி சொன்னது அந்தப் பாங்குதான். நான் பாஸை அழுத்திவிட்டு ஓடிப்போய்த் திரியைத் தூண்டி, கும்பிட்டுவிட்டு, பாங்கு முடிவதற்குள் திரும்பி வந்துவிடுவேன். இரண்டு வருடத்தில் ஒரு முறை கூடத் தவறியதில்லை.

அந்த வருடம் அண்ணன் பழைய அண்ணனாக இல்லை. நாலு மாதத்துக்கு முன் கிடங்கில் ஒரு விபத்து. கூட வேலை செய்த நண்பனுக்கு ஏதோ கல்யாணம் என்று அண்ணன் ஷிப்ட் மாற்றிக் கொடுத்திருந்தான். அந்த ஷிப்டில் மூட்டை அடுக்கு சரிந்து நண்பன் அதே இடத்தில் போய்விட்டான். அண்ணன் நிற்க வேண்டிய இடம் அது. காரியத்துக்குப் போய் வந்த பிறகு அண்ணன் அழவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்க மாட்டான். சனிக்கிழமை டேப் பார்க்கும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். அதனால்தான் ஒரு நொடி கூட விடாமல் பதிவு செய்யத் துடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாங்கு வந்தது. பாஸை அழுத்திவிட்டு ஓடினேன். அம்மா சாம்பிராணித் தட்டைக் கைதவறிக் கவிழ்த்துவிட்டாள். கங்கு புறங்கையில் பட்டுத் துடித்துப்போனாள். தண்ணீரில் கையைப் பிடித்து, பற்பசையைத் தடவி, தரையில் கிடந்த கங்கைப் பொறுக்கி எடுத்து முடித்தபோதுதான் பாஸ் ஞாபகம் வந்தது. பாஸில் ஐந்து நிமிடம் கிடந்தால் தானாக நின்றுவிடும் மெஷின் அது. போய்ப் பார்த்தால் நின்றிருந்தது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

என்னடா இது என்று தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் நேராகச் சொல்லியிருக்கலாம். லோரி அண்ணன் இரண்டு கேலி செய்திருப்பார், முடிந்திருக்கும். ஆனால் பெயர் கெட்டுவிடும் என்று மனசு வரவில்லை. இருபத்து நாலு வயதில் வேறு எதில்தான் எனக்குப் பெயர் இருந்தது.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கதை இதுதான். விண்கல விமானி ஒருவன் பயிற்சி அறைக்குள் போகிறான். தலையில் ஒரு கவசம் மாட்டுகிறார்கள். இல்லாத உலகத்தை இருப்பதுபோல் அது கண்ணுக்குக் காட்டும். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகிறான். மனைவி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் போகப் போக ஒன்று உறுத்துகிறது. யாரும் அவனுக்குத் தெரியாத எதையும் சொல்வதில்லை. புத்தகத்தைத் திறந்தால் முன்பே படித்த பக்கங்கள் மட்டும் இருக்கின்றன, மற்றவை வெள்ளையாக இருக்கின்றன. தான் இன்னும் அந்த அறைக்குள்ளேயே கிடப்பதாக முடிவு செய்கிறான். ஓர் உயரமான கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏறுகிறான். காலணியைக் கழற்றி ஜோடியாக வைக்கிறான். விளிம்பில் நின்று ஒரு காலைத் தூக்குகிறான்.

அத்தோடு திரை நீலமாகிவிட்டது.

"எங்க தங்கச்சி மீதி?" என்றார் லோரி அண்ணன்.

"அவ்வளவுதான்ணே. பாங்கு முடிஞ்சதும் நேரா செய்தி போட்டுட்டான். வெட்டிட்டான் போல."

"வெட்டிட்டானா? அப்ப அதுல ஏதோ பெரிய விஷயம் இருக்கு லா. சும்மா வெட்ட மாட்டான்."

ஒட்டுக்கடையில் அன்று பேச்சு ஓயவில்லை. டீச்சர் மேசையில் விரலால் படம் போட்டு விளக்கினார். "அவன் மண்டையில இருக்கறத மட்டும்தான் அந்த மெஷின் எடுத்துக் காட்டும். அவனுக்குத் தெரியாத ஒண்ண அதால உண்டாக்க முடியாது. உள்ள இருக்கோமா வெளிய இருக்கோமான்னு கண்டுபிடிக்க அது ஒண்ணுதான் வழி."

"அப்ப எனக்குப் பயமில்ல," என்றார் லோரி அண்ணன். "வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி சொல்றது எதுவுமே எனக்கு முன்னாடி தெரியாது."

நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. கோப்பையின் காதைப் பிடித்தபடி, "டீச்சர், அவன் உள்ளதான் இருக்கான்னு வச்சுக்குவோம். கால எடுத்து வச்சிருந்தா முழிச்சிருப்பானா?" என்றான்.

வாதம் தன் பக்கம் வந்த சந்தோஷத்தில் டீச்சர் யோசிக்காமல் சொன்னார். "லாஜிக்படி முழிச்சுத்தான் ஆகணும்."

"அதான் வெட்டிட்டாங்க," என்றான் அண்ணன். "வழி தெரிஞ்சிடக் கூடாதுன்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், கடைக்காரர் தட்டில் ரொட்டி கொண்டு வந்து வைத்தார், மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த ரொட்டியை நினைத்தால் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து, "பாப்பா, எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லு," என்பான். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னேன். அலுவலகத்தில் வக்கீல் கோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது, மலாய்த் தோழி வீட்டுப் பூனை அரிசி டின்னுக்குள் குட்டி போட்டது. பொறுமையாகக் கேட்பான். பிறகு, "இத நீ சொல்வேன்னு எனக்குத் தெரியும்," என்பான். ஒருநாள் எரிச்சலில் அவனைத் திட்டிவிட்டேன். திட்டுவேன் என்பதும் தெரியும் என்றான்.

"அன்னைக்கு அந்த அடுக்கு என் மேலதான் விழுந்துச்சு, பாப்பா," என்றான் இன்னொரு நாள், பஸ் நேரம் சொல்வதுபோல. "நீ, அம்மா, இந்த வீடு எல்லாம் எனக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. நான் எங்கயோ படுத்துக் கெடக்கேன்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்து கயிறு கட்டினாள். வேலையிடத்து டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் கயிற்றையும் கட்டிக்கொண்டான், மாத்திரையையும் விழுங்கினான். எதற்கும் மறுப்பே சொல்லாத அந்தப் பணிவுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. பழைய அண்ணனாக இருந்தால் கயிற்றைப் பார்த்து அரைமணி நேரம் கேலி செய்திருப்பான்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. வேலை முடிந்து லிப்டிலிருந்து வெளியே வந்தேன். எங்கள் மாடியின் நடைபாதைக் கோடியில், மார்பளவுச் சுவரில் கையை ஊன்றி அண்ணன் நின்றிருந்தான். காற்று வாங்குகிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் தரையைப் பார்த்தேன். செருப்பு இரண்டையும் கழற்றி, முனை சுவரைத் தொடும்படி ஜோடியாக வைத்திருந்தான்.

பின்னாலிருந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. அவன் திரும்பி, "என்ன பாப்பா, சட்டை கிழியப் போவுது," என்றான். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் போனான். நான் அந்தப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்பு, கேள்விகள், பாஸ் பொத்தான், என் பொய். "நான்தானே சொன்னேன், முழிச்சுக்குவான்னு," என்றார் டீச்சர். தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கதையில் அந்த விமானி நினைத்தது தப்பு என்று கடைசியில் காட்டியிருப்பார்கள். வேறு எப்படிக் காட்டுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை அண்ணன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். டீச்சருடன் வேலை செய்யும் ஒருவரின் அம்மா, சுபாங் ஜெயாவில் இருக்கும் சீன ஆன்டி, டிவியில் வரும் எல்லாவற்றையும் பதிவு செய்து வைப்பவராம். டீச்சர் போன் செய்து கேட்டதும் ஆன்டி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

இடையில் வெள்ளியும் சனியும் நாங்கள் அவனைத் தனியாக விடவில்லை. ஞாயிறு காலை லோரி அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேலி எதுவும் செய்யாமல், காய் நகர்த்தி ஆடும் 'தாம்' பலகையை எடுத்துக்கொண்டு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். "நீ போய்ட்டு வா தங்கச்சி. நான் ஒண்ணுக்குப் போனாலும் இவனக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

இரண்டு பஸ் மாறிப் போனேன். ஆன்டி பிஸ்கட், ஆரஞ்சுத் தண்ணீர் எல்லாம் வைத்து உபசரித்தார். டேப்பை ஓடவிட்டார். விமானி காலைத் தூக்குகிறான். பாங்கு வந்து போகிறது. ஆன்டி அதையும் சேர்த்தே பதிவு செய்திருந்தார். பிறகு விமானி அடுத்த காலையும் எடுத்து வைக்கிறான். விழுகிறான். கண் விழிக்கிறான். பயிற்சி அறை. தலையிலிருந்து கவசத்தைக் கழற்றுகிறார்கள். உண்மையான மனைவி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். வாத்திய இசை, பெயர்கள்.

"நைஸ் இல்ல? ஹேப்பி எண்டிங் லா," என்றார் ஆன்டி.

பிஸ்கட் வாயிலேயே நின்றது. எந்த முடிவைக் காட்டி அண்ணனைக் காப்பாற்றலாம் என்று ஓடி வந்தேனோ, அது அவனைக் கைபிடித்து அந்தச் சுவருக்கு அழைத்துப் போகும் முடிவாக இருந்தது. ஆன்டி டேப்பை எடுத்து என் பையில் வைத்தார். "கொண்டு போ, அண்ணனுக்குக் காட்டு," என்று கன்னத்தைத் தட்டினார். திரும்பி வந்த பஸ்ஸில் பையை மடியில் வைக்கவே பயமாக இருந்தது. கீழே கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

முதலில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் டேப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு மேலே ஏறினேன். என்ன சொல்வதென்று எந்த யோசனையும் இல்லை.

கதவைத் திறந்ததும் அண்ணன், "கெடச்சுதா?" என்றான். லோரி அண்ணன் குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டார். நான் டேப் தேடிப் போனதை உளறிவிட்டிருந்தார்.

அவன் எதிரில் உட்கார்ந்தேன். இன்னொரு பொய்யைத் தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அண்ணே, டிவிகாரன் எதையும் வெட்டல. நான்தான். அன்னைக்குப் பாஸ் போட்டுட்டு விளக்கேத்தப் போனேன். அம்மா கையச் சுட்டுக்கிட்டாங்க. மறந்துட்டேன். பேர் கெட்டுப் போயிடும்னு வெட்டிட்டான்னு சொல்லிட்டேன்."

அண்ணன் என்னையே பார்த்தான். "நீயா?"

"நான்தான்."

"பொய் சொன்னியா? நீ?"

"ஆமா."

அவன் முகம் சிவந்துகொண்டே வந்தது. தாம் பலகையை ஒரே தள்ளாகத் தள்ளினான். காய்கள் கூடமெங்கும் உருண்டன. "ஆறு வாரமா நான் என்னென்ன நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன் தெரியுமா உனக்கு? பேர் கெட்டுடுமாம் பேரு!" என்று கத்தினான். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் நிறுத்தவில்லை. நான் அழுதுகொண்டே கேட்டேன். ஐந்து மாதத்துக்கும் மேலாக அவன் யாரிடமும் கோபப்பட்டதில்லை. திட்டத் திட்ட எனக்கு உயிர் திரும்பி வந்தது.

கத்தி ஓய்ந்தபின் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னான். "இது எனக்குத் தெரியாது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ பொய் சொல்லுவேன்னு என் மண்டையில இருந்திருக்க வழியே இல்ல, பாப்பா." தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை மாதம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. நண்பன் பெயரைச் சொல்லி அழுதான். லோரி அண்ணன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அழுது முடித்துக் கேட்டான். "கடைசியில அவன் என்ன ஆனான்?"

"செத்துட்டான்ணே," என்றேன், கண்ணை எடுக்காமல். "அது நெஜ வீடுதான். பொண்டாட்டி அவன் பக்கத்துல உக்காந்து அழுவுறா. அதோட முடிஞ்சிடுச்சு."

"டேப்பு?"

"ஆன்டி குடுக்கல."

தலையை ஆட்டினான். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டீச்சர் வேறொரு டாக்டரைக் கண்டுபிடித்துத் தானே கூட்டிப் போனார். மாதக்கணக்கில் போய் வந்தான். கிடங்கு வேலையை விட்டான், பிறகு கல்யாணம் ஆகிக் கிள்ளானுக்கே குடிபோனான். சுவரோரம் செருப்பைக் கழற்றி வைத்ததை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் என் பயம் போகவில்லை. அந்த முடிவு எங்கோ ஒரு டேப்பில் இருக்கிறது, என்றைக்காவது அவன் கண்ணில் படும் என்ற பயம். வீடியோ கடைக்கு அவனோடு போனால் முதலில் நான் உள்ளே போய் அடுக்குகளைப் பார்ப்பேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, வீடுகளில் சாட்டிலைட் தட்டு வந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் டிவி பக்கத்தில் பழைய தொடர்கள் மறுஒளிபரப்பு என்று பார்த்தேன். எங்கள் தொடர். மூன்று மணிக்கு. கீழே ஒரு வரிக் கதைச் சுருக்கம், விமானி, பயிற்சி அறை. மணி மூன்றேகால். அண்ணன் வீட்டுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெடரல் ஹைவேயில் மழை கொட்டியது. முன்னால் போகும் கார்கூடச் சரியாகத் தெரியவில்லை. பொய் சொல்லி வைத்தேனே, பொய் சொல்லி வைத்தேனே என்று வழி முழுக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் இருந்தது மாடியே இல்லாத தரைவீடு. அது என் நினைவுக்கே வரவில்லை.

வாசலில் அவன் செருப்பு ஜோடியாக இருந்தது. எல்லார் வீட்டு வாசலிலும் இருப்பதுதான். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

அண்ணன் மகளை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தான். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நனைந்து நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தான். போன் சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடும் என்று எடுக்கவில்லையாம்.

"அவன் சாகல," என்றான்.

நான் தலை நிமிரவில்லை.

"நீ செத்துட்டான்னு சொன்ன."

"ஆமாண்ணே."

"டேப்பு?"

"ஆன்டி குடுத்தாங்க. நான்தான் காட்டல."

அவன் மகளின் தலையைத் தன் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, பாப்பா வந்திருக்கு, தே போடு என்று அண்ணிக்குக் குரல் கொடுத்தான்.

"இத்தன வருஷம் எனக்குத் தெரியாது பாரு," என்றான் என்னிடம். "அப்ப நான் இன்னும் வெளியதான் இருக்கேன்."